செங்கம் சாலை இங்கிலீஷ்

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, அது சுர்ரென்று அடங்குவதற்குள் திரௌபதி ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்துவிடுவாள். "மை டாட்டர் வெரி குட் கேர்ள்." அடுத்த தெளிப்புக்கு, "மை ஹஸ்பெண்ட் ஆட்டோ ஓனர்." ஆட்டோ உண்மையில் கொழுந்தனுடையது.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் பக்கம் நிற்கும் அவள் தள்ளுவண்டிக்கு வெள்ளைக்காரர்கள்தான் ஜாஸ்தி. அவள் இங்கிலீஷும் அவர்களிடம் ஊறியதுதான். எதைக் கேட்டாலும் அவர்கள் சட்டென்று பதில் சொல்வதில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, புன்னகைத்து, அப்புறம்தான் "ஒன் ஊத்தப்பம்." இங்கிலீஷ் பேசும் முறையே அதுதான் என்று திரௌபதி முடிவு கட்டியிருந்தாள்.

மூத்தவன் அறிவுச்செல்வன் பன்னிரண்டு வரை தமிழில் படித்து இன்ஜினியரிங்கில் சேர்ந்தவன்; கல்லூரியில் கடைசி பெஞ்ச், வாயே திறப்பதில்லை. அடுத்தவள் மதிவதனியின் பள்ளியில் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து நாற்காலி மட்டும் தவறாமல் வகுப்புக்கு வருகிறது. மிச்சம், நான்கு வயது சினேகா.

"மேல இருந்து ரிப்பேர் பண்ணா ஆவாது. அஸ்திவாரத்துலயே கை வெச்சிடணும்" என்று வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கு எல்.கே.ஜி. சீட்டு கேட்டுப் போனாள். அங்கே பரீட்சை பிள்ளைக்கு அல்ல, பெற்றவர்களுக்கு.

கணவன் பிரசாத் பள்ளி கேட்டோடு நின்றுவிட்டான். "நீயே போ மே. நா ஆட்டோவ பாத்துக்குறேன்."

"வண்டிய எவன் தூக்கினு போறான்? இங்கிலீஷ்னா பயம்னு சொல்லு."

"வொய் அவர் ஸ்கூல்?" என்றார் பிரின்சிபல் அம்மா.

திரௌபதி கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். புன்னகைத்தாள். 'வெரி குட் கேர்ள்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டாள். அதற்குள் மணி அடித்து அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வீ வில் கால் யூ."

நாள்கணக்கில் போன் தோசைக்கல் பக்கத்திலேயே கிடந்து வெந்தது. கடைசியில் இவளே கூப்பிட்டுக் கேட்டாள். சீட்டு நிரம்பிவிட்டதாம்.

"பதில் சொல்றதுக்குள்ள எழுப்பி வுட்டாங்கோ. நம்ம வெள்ளைக்காரங்களுக்கு இருக்குற பொறுமை அந்தம்மாவுக்கு இல்லியே" என்று ஊத்தப்பத்திடம் குறைபட்டுக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிரிவலம் சுற்றிய களைப்போடு ஓர் அம்மா வண்டி முன்னால் வந்து நின்றார். "காரம் கம்மியா ஒரு தோசை போடும்மா. பசி உயிர் போவுது." அதே பிரின்சிபல், சுத்தமான நம்மூர்த் தமிழ்.

திரௌபதி கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். புன்னகைத்தாள்.

"வீ வில் கால் யூ" என்று தோசைத் திருப்பியை நீட்டி, வண்டியோரம் போட்டிருந்த கடைசி பெஞ்சைக் காட்டினாள்.