டம்ளர் விளிம்பில் ஒரு பெயர்

இந்த ஊரில் ஒரு கரண்டியைப் பதினைந்து பேர் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். சாப்பாடு கிடையாது, கரண்டி மட்டும்தான். நெதர்லாந்தின் ஒரு சின்ன ஊர் நூலகத்தில், வியாழக்கிழமை மாலைகளில், கரண்டியின் கழுத்தையோ காய் துருவியின் பல்லையோ சுவர் அளவுக்குத் திரையில் போட்டு, தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார்கள். வாரத்துக்கு ஒரு தலைப்பு. வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு சாதாரணப் பொருளை, அது என்னவென்றே தெரியாத அளவுக்குக் கிட்டே போய்ப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். குழுத் தலைவர் ஹென்க் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவர் பெரும்பாலும் இரண்டே சொற்கள்தான் சொல்வார். பிடித்திருந்தால் 'மோய்', அதாவது அழகு. பிடிக்காவிட்டால் 'டிக்தர்பெய்', அதாவது இன்னும் கிட்டே. நான் வளர்ந்த ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் யாராவது கரண்டியை இப்படி உற்றுப் பார்த்தால், "இன்னா, ஓட்டை கீதா?" என்று கேட்டுவிட்டு வேறு கரண்டி கொடுப்பார்கள். இங்கே கைதட்டுகிறார்கள். டச்சு மொழி அரைகுறையாக வருகிற எனக்கு, பேசவே வேண்டாத ஒரு சங்கம் கிடைத்தால் விடுவேனா? சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்தது மட்டுமில்லாமல் அப்பாவையும் சேர்த்துவிட்டேன். அம்மா போன பிறகு முகப்பேர் ஃப்ளாட்டில் அப்பா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எங்கள் உரையாடல் இப்படி இருக்கும். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். மழையா? இல்லை. அங்க குளிரா? ஆமாம். அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, திருகாணியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் தொழில். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்வார். இட்லியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இப்படிப்பட்டவருக்கு இந்தக் குழுவைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் உண்டா? வெளியூர் உறுப்பினராக ஹென்க் ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமை தலைப்பை நான் தமிழில் அனுப்புவேன், புதன்கிழமைக்குள் அப்பாவிடமிருந்து படம் வந்துவிடும். குக்கர் விசில், கேஸ் லைட்டரின் முனை, சைக்கிள் பூட்டின் வாய். ஹென்க் எல்லாவற்றுக்கும் 'மோய்' சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் தலைப்பு 'நூல்'. அப்பா சிவப்பு நூல்கண்டு ஒன்றை அனுப்பினார். அடுத்து 'வட்டம்', பொத்தான் வந்தது. அடுத்து 'இணைப்பு', கத்தரிக்கோலின் நடு ஆணி வந்தது. அம்மா ஒரு காலத்தில் ரவிக்கை தைத்தவள். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார் போல என்று நினைத்து, சமையலறையில் நின்று அழுதேன். என் கணவர் வெங்காயம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அதன் பிறகு அப்பாவின் படங்களை அதிகம் உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டேன், மனசு தாங்கவில்லை. ஃபோனில் வந்ததும் கீழே 'மோய்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அப்புறம் வந்தது 'விளிம்பு'. அப்பா ஒரு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை அனுப்பியிருந்தார். வழக்கம் போல 'மோய்' போட்டேன். வியாழக்கிழமை அது சுவர் அளவுக்குத் திரையில் விழுந்தபோதுதான், விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தேன். இதை இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போன கிண்ணம் வழி தவறாமல் திரும்பி வர வேண்டும் இல்லையா? கல்யாணத்துக்கு முன் வாங்கியதில் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் வாங்கியதில் புருஷன் பெயரின் முதலெழுத்து. எங்கள் வீட்டில் 'கமலா' என்று அம்மா பெயர் இல்லாத டம்ளரே கிடையாது. திரையில் 'சரோஜா' என்று இருந்தது.

"இந்தப் புள்ளி வேலைப்பாடு மிக நுட்பம்," என்றார் ஹென்க். "பார்வையற்றோருக்கான எழுத்தா?"

"இல்லை, ஒரு பெண்ணின் பெயர்," என்றேன்.

"ஓ, கோப்பையைச் செய்தவரின் கையெழுத்து."

"இல்லை, கோப்பைக்குச் சொந்தக்காரரின் பெயர்."

"அப்படியானால் உன் அம்மா."

"என் அம்மா இல்லை."

ஹென்க் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, இதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும், 'மோய்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அந்நியப் பெயர் ஒன்று வீட்டில் இருப்பது தப்பில்லை. விசேஷங்களில் கொடுக்கிற பாத்திரம் எத்தனையோ வரும். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் ஒரு மூடி வந்தது, அதிலும் சரோஜா. அதற்கடுத்த வாரம் ஒரு குழாய். முகப்பேர் ஃப்ளாட்டில் எந்தக் குழாய் எப்படிச் சொட்டும் என்று எனக்குத் தெரியும், அது எங்கள் குழாய் இல்லை. கிட்டே போய் எடுத்த படத்தில் இதுதான் வம்பு. பொருள் தெரியும், அது இருக்கிற வீடு தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். "வீட்லதான்," என்றார். மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவை யாரோ ஏமாற்றுகிறார்களோ, உடம்புக்கு முடியாமல் எங்காவது கிடக்கிறாரோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் திரும்பிப் போவதற்கு என்று உலகத்தில் இருந்த ஒரே கதவு அந்த முகப்பேர் கதவுதான். யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் எடுத்தேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று நெதர்லாந்து எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம். முகப்பேரில் கதவைத் திறந்தது கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண்.

"வாட்டர் ஃபில்டர் சர்வீஸா? உங்கள நாளைக்குத்தானே வரச் சொன்னேன்?" என்றாள், என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"இது எங்க வீடு," என்றேன்.

"ஐயோ, சார் பொண்ணா? வெளிநாட்டுல இருக்கறவங்கதானே? நாங்க டெனன்ட்ங்க்கா. உள்ள வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?"

என் வீட்டு வாசலில் நின்று நான் தண்ணீர் வேண்டாம் என்றேன். சேலத்துப் பெண், நல்ல மாதிரி. அவளே ஆட்டோ பிடித்து, சார் நூம்பலில் இருக்கிறார் என்று வழியும் சொல்லி அனுப்பினாள்.

வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே திரும்பினால், பாதி வீடுகள் புதிதாக முளைத்த ஒரு தெரு. ஒரு கடை வாசலில் பலகை: 'சரோஜா டெய்லர்ஸ், பெண்களுக்கு மட்டும்'. அதற்கு நேர் கீழே, ஃபோனில் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு, ரவிக்கைக் கொக்கி ஒன்றின் மேல் குனிந்திருந்தார் என் அப்பா. அவர் நிமிர்வதற்குள் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா விஜி. இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுகினு கீற? போட்டோல பார்த்ததுக்கு இளைச்சிட்ட. உங்கப்பாரு காலைலேந்து அந்தக் கொக்கியத்தான் பார்த்துகினு கீறாரு, கஸ்டமருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வெளியே வந்தது என்று ஞாபகம் இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அப்பா லென்ஸைக் கழற்றித் துடைத்தார். "சொல்லிட்டுத்தானம்மா இருந்தேன். நீ 'நூல்'னு அனுப்பினே. உங்கம்மா பெட்டில இருந்த நூலெல்லாம் மக்கிப் போச்சு. நல்ல சிவப்பு வேணும்னு தேடிட்டு இங்க வந்தேன். அப்புறம் பொத்தான், கத்தரிக்கோல் எல்லாம் இவங்க கடைதான். உனக்குப் புரியல. சரி, பேரையே காட்டிடலாம்னு டம்ளர எடுத்தேன்."

"அது விளிம்புக்கு எடுத்த படம்."

"முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன் நான். பேர் விழுந்தது தெரியாம அனுப்புவேனா? நீ பார்த்துட்டு அழகுன்னு போட்டே. சரி, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் திருமழிசை கோயில்ல மாலை மாத்திக்கிட்டோம். ஃப்ளாட்ட வாடகைக்கு விட்டேன்."

நான் தலைப்பு அனுப்பினேன், அவர் நூல் தேடிப் போனார். நான் பார்க்காமல் பாராட்டினேன், அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டார். யாரைக் குற்றம் சொல்வது? பெற்ற அப்பாவின் கல்யாணத்துக்கு டச்சு மொழியில் சம்மதம் கொடுத்த மகள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சமையலறையில் என் கண் நேராகப் பாத்திரத் தட்டுகளுக்குப் போனது. மேல் தட்டு முழுக்க அம்மாவின் பாத்திரங்கள், கமலா, கமலா, கமலா, துடைத்துப் பளபளவென்று. கீழ்த் தட்டில் சரோஜா.

"அது உங்கம்மாது," என்றார் அந்த அம்மாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தேச்சி வெப்பேன். நான் பொழங்க மாட்டேன். உனுக்குத்தான் சேரணும்."

காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கியதும் கை தானாகவே அதைச் சுற்றிப் பார்த்தது. விளிம்பில் ஒன்றும் இல்லை. அடியில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கமலாவும் இல்லை, சரோஜாவும் இல்லை. வந்தவர் போனவர்களுக்குக் கொடுக்கிற டம்ளர். சரிதான், நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி. காப்பி நன்றாக இருந்தது, அது வேறு எரிச்சல்.

அவர் என்னைக் கவனித்துவிட்டார். "பேரு தேடுறியா? அது உனுக்குனு புச்சா வாங்கினது. நாலு கடை பார்த்து வாங்கினேன். கடக்காரரு அப்பவே வெட்டித் தரேன்னாரு, நான்தான் வோணான்னு தூக்கினு வந்துட்டேன். விஜயான்னு போட்டுடலாம், முன்னால இன்னா எழுத்து போடறது? உங்கப்பாருதா, உங்க ஊட்டுக்காரருதா? ஊர் போடணும்னா எந்த ஊரு போடறது? நீயே ரோசிச்சி சொல்லும்மா. ஒருதரம் வெட்டிட்டா அப்பால அழிக்க முடியாது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த நாளெல்லாம் அந்த டம்ளரில்தான் குடித்தேன். கிளம்புகிற அன்று அதைப் பெட்டியில் வைக்கப் போனவள், என்னவோ தோன்றி, கழுவி, இரண்டு தட்டிலும் வைக்காமல், மேடையில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

இந்த வாரத் தலைப்பு 'உலோகம்'. அப்பா அந்த டம்ளரைத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த முறை ஃபோனிலேயே நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். டம்ளரின் பக்கவாட்டில் ஒரு ஓரம் மேல் தட்டின் பிரதிபலிப்பு வளைந்து தெரிகிறது, இன்னொரு ஓரம் கீழ்த் தட்டின் பிரதிபலிப்பு. நடுவில், பெயர் வர வேண்டிய இடத்தில், வெறும் வெளிச்சம். வியாழக்கிழமை ஹென்க் வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிக்தர்பெய்," என்றார். இதற்கு மேல் கிட்டே போக வேண்டுமானால் டம்ளருக்குள்தான் குதிக்க வேண்டும். படத்துக்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: "சரோஜா கேக்கறாங்க. முடிவு பண்ணிட்டியா?"

'மோய்' என்று தட்டினேன். அப்பா அதை என்னவென்று எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து, அனுப்புவதற்குள் அழித்துவிட்டேன். இன்னும் பதில் போடவில்லை. நூம்பலில் அந்த டம்ளர் கமலாவோடும் சேராமல் சரோஜாவோடும் சேராமல், எனக்காகத் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது.