குதிரின் ஓரத்து நெல்

என் அம்மாவைத் திருடி என்று சொன்ன பெரியப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தாலும் மன்னிக்கவில்லை.

யுத்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் அவனியாபுரத்தில் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். நிலத்தில் பாதி அப்பாவுடையது. நெல் கொட்டி வைக்கும் மண்குதிர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். கீழ்ப்பாதியில் போன வருஷத்து நெல், நிறம் மங்கியது. அதன்மேல் புதுநெல் பளிச்சென்று கிடந்தது. குதிர் அறையின் சாவி அம்மாவிடம் இருந்தது.

ஒருநாள் காலையில் பெரியப்பா சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு குதிரின் அடித்துவாரத்தைத் திறந்தார். இரண்டு கூடை பழைய நெல் வந்தது. பிறகு கொட்டியதெல்லாம் புதுநெல்.

“பாத்தீகளா? அடியில கெடந்த பழசு அம்புட்டும் சிம்மக்கல்லுல இவ அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சு” என்றார். அம்மா தலைகுனிந்து நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். துவாரத்துக்கு நேர்மேலே மட்டும் நெல் கிணறு மாதிரி குழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது.

ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின் ஒன்றை எடுத்துவந்தேன். ஓட்டையைத் துணியால் அடைத்து, பாதிக்குக் கேழ்வரகும் மேலே கம்பும் நிரப்பி, எல்லோர் முன்னாலும் துணியை உருவினேன். கொஞ்சம் கேழ்வரகு வந்தது. உடனே கம்பு கொட்ட ஆரம்பித்தது.

“பெரியப்பா, மேல உள்ளதுதான் குழியில எறங்கி வருது. பழசு ஓரத்துல அசையாம கெடக்கு. ஒரு ஆள உள்ள எறக்கித் தோண்டச் சொல்லுங்க!”

பெரியப்பா டின்னைக் காலால் எட்டி உதைத்தார். “பொட்டப்புள்ளைக்கு எம்புட்டு வாய்! உங்காத்தாவ மூட்டையக் கட்டச் சொல்லு.”

தோண்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகிவிடும்? அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே மாட்டுவண்டியில் மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் பாதி நிலத்தில் அடுத்த போகம் பெரியப்பாவின் ஏர்தான் இறங்கியது.

“அவருக்குப் புரியற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியலம்மா” என்று வண்டியில் அழுதேன்.

“தெரியாத ஆளா அவுக? பழசு வேணும்னா எப்பவும் ஆள உள்ள எறக்கி, ஓரத்துலருந்துதான அள்ளச் சொல்வாக” என்றாள் அம்மா.

தெரிந்த மனிதர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் பெரிய டின்னாக எடுத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.