தனித் தட்டு

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி பெற மல்லசமுத்திரம் வந்தேன். ஒரு விவசாயக் குடும்பம் என்னைத் தங்கவைத்திருந்தது. தொழுநோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிறேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் ஒரு நோயாளி என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மிணி, கட்டு அவுந்துபோச்சுங்க" என்றார். வீட்டுக்கார அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே கட்டிவிட்டேன். நோயாளி போனதும் என்னைப் பெட்டி கட்டச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"ஏஞ்சாமி எங்ககிட்ட மறைச்சே?" என்றார் அக்கா. நான் அவிழ்ந்து கிடந்த பழைய கட்டுத்துணியைச் சுருட்டி எடுத்தேன்.

"ஊட்ட உட்டுப் போகச் சொல்லமாட்டேன். ஆனா இனி உனக்குத் தட்டு தனி. எனக்குப் பயமா இருக்குது."

மீதி மூன்று மாதமும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளையும் உறுத்தியது. ஆனாலும் என்னைச் சாப்பிடவைக்காமல் அக்கா ஒருநாளும் சாப்பிட்டதில்லை.