செல்வியைப் படம் எடுத்தவர்

போன வாரம் ஒரு நாள் காலையில் தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "அக்கா, உங்களுக்குப் போன். ஆவடிலேர்ந்து" என்றாள். அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கே அவர்கள் வீட்டுத் தொலைபேசிதான். ஈரக் கையோடு எடுத்தேன். தாமோதரனின் மனைவி புஷ்பா பேசினாள். "வசந்தாம்மா, அவரு போய்ட்டாரு. டீ குடிச்சிகினு இருந்தாரு. டம்ளரக் கீய வெச்சாரு, அப்டியே சாஞ்சிட்டாரு." "வரேன்" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது என் குடத்தை நகர்த்திவிட்டு வேறு யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மண்ணூர்பேட்டையில் நாம் நடத்திய கஞ்சி சென்டரில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு எதிரே சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, வேலைக்கு மனுப்போட மார்பளவுப் படம், இதுதான் அவர் பிழைப்பு. எண்பதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி கதவடைப்புச் செய்து, தெருத்தெருவாகப் பிள்ளைகள் இளைத்துக் கிடந்தபோது, ஒரு தொண்டு நிறுவனம் இங்கே குழந்தைகளுக்குச் சத்துமாவுக் கஞ்சி ஊற்ற மையம் தொடங்கியது. அதற்கு நன்கொடை கேட்டு அச்சிடும் தாள்களில் எழுத்து என்னுடையது, படம் அவருடையது. ஏழெட்டு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அந்த ஏழெட்டு வருஷமும் சண்டை போட்டோம் என்றாலும் சரிதான்.

அவருக்கு முன்னால் பட்டணத்திலிருந்து வேறொரு புகைப்படக்காரரை அனுப்பியிருந்தார்கள். அந்த மனிதர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பிள்ளைகளைக் கீழே உட்காரவைத்து, சட்டையைத் தூக்கச் சொல்லி எலும்பெலும்பாகப் படம் பிடித்தார். ஒரு தாய் பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இன்னா சார், சட்டையத் தூக்கிக் காட்டச் சொல்றே? சந்தைல வாங்க வந்த கன்னுக்குட்டியா இது?" என்று கத்தினாள். அடுத்த நாள் கஞ்சிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. இரண்டு அண்டாக் கஞ்சியும் புளித்துப்போனது. வயிறு ஒட்டிக் கிடந்த வீடுகள் அவை. அப்படியும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லித் தாமோதரனைக் கூட்டிவந்தோம். வந்தவர் முதலில் கேமராவை எடுக்கவில்லை. பையிலிருந்து சீப்பு, பவுடர் டப்பா, கைக்கண்ணாடி, மை டப்பா ஆகியவற்றை எடுத்து வரிசையாக வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. "பசிக்கிற பிள்ளைக்குப் பவுடர் எதுக்கு?" என்றேன். "பசிச்சா தலை வாரிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, தாய்மார்கள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கொழந்தைய எப்டி எடுக்கலாம், சொல்லு." அதுவரைக்கும் யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. ஒருத்தி மடியில் வைத்து எடுக்கச் சொன்னாள். ஒருத்தி திருஷ்டிப் பொட்டு வைக்காமல் எடுக்கக் கூடாது என்றாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராகக் கேமராவைப் பிடித்து எடுத்தார். எல்லாத் தாய்க்கும் ஒரு பிரதி கொடுத்தார். "படத்த மொதல்ல அம்மா பாக்கணும். அப்பறமாத்தான் ஊரு பாக்கணும்" என்பார்.

நிறுவனத்தின் பட்டணத்து அலுவலகத்துக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. பொறுப்பாளர் நேரில் வந்து, "பிள்ளைங்க நல்லாத்தானே இருக்காங்க, இதைப் பார்த்து யார் உதவி பண்ணுவாங்க?" என்றார். தாமோதரன் ஒரு படத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "கண்ணப் பாருங்க சார். கண்ணுக்கு நான் பவுடர் போடல." பொறுப்பாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தப் படத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு அதைத்தான் அச்சிட்டார்கள்.

என் எழுத்தையும் அவர் சும்மா விடமாட்டார். பிஞ்சு, மொட்டு, வாடிய மலர் என்றெல்லாம் எழுதுவேன். "இன்னா வசந்தாம்மா, பூக்கடைக்குப் போர்டு எழுதறீங்களா? கொழந்தைன்னு எழுதுங்க, போதும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு நானும் கிண்டல் செய்வேன். குழந்தை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று முழங்கைக்கு மேலே சுற்றி அளக்க சென்டர் நர்ஸம்மா ஒரு வண்ண நாடா வைத்திருந்தார். அளவு சிவப்பில் நின்றால் ஆபத்து என்று அர்த்தம். ஒரு தாயின் விரல்கள் தன் பிள்ளையின் கையில் அந்த நாடாவைச் சுற்றுவதைத் தாமோதரன் அருமையாக எடுத்துவந்தார். ஆனால் கறுப்பு வெள்ளைப் படம்! "சிவப்பு எங்கேய்யா?" என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு, "அதுக்குத்தான் நீங்க கீறீங்களே, எழுதுங்க" என்றார்.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இத்தனை பத்தி எழுதிவிட்டேன்.

கன்னியம்மாவின் மகள் செல்வி. வயது இரண்டு இருக்கும். மூடிய கம்பெனியில்தான் அப்பன் வேலை செய்தான். கன்னியம்மா பஸ் ஏறி வெள்ளானூர் பக்கம் போய், புதிதாக வீடு கட்டுகிற இடங்களில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்டருக்கு வந்தாள். வயிற்றுப்போக்கு. நாடா சிவப்பில் நின்றது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, இங்கே கஞ்சி கொடுத்து ஆகாது, எழும்பூர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். காலையில் போகிறேன் என்றாள் கன்னியம்மா. தாமோதரன் அங்கே இருப்பதைப் பார்த்ததும், "அண்ணாத்தே, இவள ஒரு போட்டோ எடேன். ஒண்ணு கூட எடுத்ததில்ல" என்று கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கவுன் இரவல் வாங்கி வந்தாள்.

கவுன் பெரியது. பிள்ளை அதற்குள் தொளதொளவென்று கிடந்தாள். தாமோதரன் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் செய்வதைச் செய்தார். முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து ஊக்குக் குத்தினார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, வெளிச்சம் இறங்குவதற்குள் எடுத்தார். கன்னியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் ரசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் எழும்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் செல்வி செத்துப்போனாள். தாமோதரன் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே படம் அதுதான்.

சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து கட்டுக்கட்டாகப் புதிய தாள்கள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்த நர்ஸம்மா ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். இடப்பக்கம், அந்தப் பழைய புகைப்படக்காரர் சட்டையைத் தூக்கி எடுத்த வேறொரு குழந்தை. வலப்பக்கம், கவுன் போட்ட செல்வி. மேலே "அன்று", "இன்று" என்று பெரிய எழுத்து. நம் கஞ்சியால் தேறிய குழந்தையாம்! கவுன் கச்சிதமாக இருந்ததால் தேறியவள் போலத் தெரிந்த செல்வியை, நாங்கள் வழக்கமாக அனுப்பும் படங்களிலிருந்து ஊர் பேர் கேட்காமல் யாரோ எடுத்து ஒட்டிவிட்டார்கள். பொறுப்பாளரைப் போனில் பிடித்துக் கத்தினேன். "தப்புதான்மா. ஆனா இனிமே யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர். தாமோதரன் என் கையிலிருந்து போனை வாங்கி, "அவ அம்மாவுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு தாளில் செல்வியின் தோள் இருக்கும் இடத்தை விரலால் தொட்டார். "இந்த ஊக்க நான் குத்தியிருக்கக் கூடாது வசந்தாம்மா" என்றார்.

அன்றைக்கே கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். "வேற எவனாச்சும் காட்றதுக்குள்ள நானே காட்டணும்" என்று தாமோதரன் விடுவிடுவென்று நடந்தார். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. செல்வியின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க செல்வி. பக்கத்துல யாரு?"

"வேற கொழந்த, தங்கச்சி. ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டுட்டானுங்க. எளைச்சிக் கெடந்துச்சு, கஞ்சி குடிச்சித் தேறிடுச்சின்னு எழுதிக்கீறானுங்க."

"யாரு தேறிச்சி?"

"செல்வி."

கன்னியம்மா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப எங்க கீறா? கூட்டிகினு வா" என்றாள்.

தாமோதரன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மன்னித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. "இன்னா செய்யணும் சொல்லு. செய்யறேன்" என்றார்.

"செத்துட்டான்னு எழுது" என்றாள் அவள். "அவ அப்பன் கம்பெனிய மூடிட்டானுங்க, ஊட்ல சோறில்ல, அதான் செத்தான்னு எழுது. அவ பேரப் போடு. பேரு இல்லாததாலதான் கண்ட கொழந்தையோட சேத்துட்டானுங்க."

பொறுப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கொடுத்தும் செத்துப்போனதே என்று கொடுக்கிறவர்கள் கையை மடக்கிக்கொண்டால், இருக்கிற பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு கஞ்சி ஊற்றுவது என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. தாமோதரன் அசையவில்லை. "நெகட்டிவ் எங்கிட்ட கீது சார், ஆனா படம் அந்தம்மாவோடது. அவ சொல்றபடி போட்டாத்தான் இனிமே எந்தப் படமும் தருவேன்" என்றார். இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் பொறுப்பாளர் விட்டுக்கொடுத்தார். கட்டுகளைப் பிரித்துக் கிழித்தோம். புதிய தாளுக்கு நான் எழுதினேன். "இவள் பெயர் செல்வி. அம்மா கன்னியம்மா. அப்பா வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டில் சோறு இல்லை. எங்களிடம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்தப் படம் எடுத்த வாரத்திலேயே இறந்துவிட்டாள். அதே தெருவில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்." அச்சுக்குப் போவதற்கு முன்னால் கன்னியம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

உதவி குவிந்தது என்று எழுத ஆசைதான். குவியவில்லை. முன்னைவிடக் குறைந்தது. சில வருஷத்தில் சென்டரையும் மூடினார்கள். கம்பெனி திறக்கவேயில்லை. கன்னியம்மா குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாமோதரன் மறுபடியும் மார்பளவுப் படங்களுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளைக்கும் உடையை இழுத்துக் கட்டி நான் பார்க்கவில்லை. தொளதொளவென்று இருந்தால் அப்படியே எடுத்தார். "அழகாவும் இருக்கணும், பொய்யாவும் இருக்கக் கூடாது. ரொம்பப் பேஜாரு புடிச்ச வேலை வசந்தாம்மா" என்று ஒருமுறை சொன்னார்.

அவரைச் சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகா கோபக்காரர். எனக்கு அவர் தலைவலி, அவருக்கு நான். இப்போது அந்தத் தலைவலி இல்லாமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. அழுகை வருகிறது, எழுதுகிறேன், மறுபடி வருகிறது.

யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களுக்கு உரியவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டுவது செல்விக்குப் பிறகு எங்கள் வழக்கமாகியிருந்தது. ஆகவே இதை எடுத்துக்கொண்டு கோவில்பதாகையில் அவர் வீட்டுக்குப் போய், புஷ்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேலே நீங்கள் படித்தது வரைக்கும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நல்லா எழுதிக்கீறீங்க. ஆனா அந்த நோட்டீசுல காலம் கடந்துடுச்சின்னு போட்டீங்களே, அத்த அவரு ஒத்துக்கவே மாட்டாரு வசந்தாம்மா. சோறு துன்றப்போ கூடச் சொல்வாரு. 'காலம் இருந்திச்சி புஷ்பா, கொழந்த என் வெரலப் புடிச்சிகினு இருந்திச்சி, நான் வெளிச்சம் போவுதேன்னு பாத்துகினு இருந்தேன். தலை வாரிகினு, ஊக்குக் குத்திகினு இருந்த நேரத்துல அத்தத் தூக்கிகினு எழும்பூர் ரயிலப் புடிக்க ஸ்டேசனுக்கு ஓடியிருக்கலாம்'னுவாரு. அத்தையும் எழுதுங்க."

படத்தில் ஒரு குழந்தையின் மானத்தை எப்படிக் காப்பது என்று அவர் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அவற்றை நீங்களும் சொல்வீர்கள். நான் வைத்துக்கொள்வது புஷ்பா சொன்ன இதைத்தான். அவர் உயிரோடு இருந்தபோது செய்யாத திருத்தத்தை இப்போது அச்சில் செய்கிறேன். அந்தத் தாளில் நான் எழுதியது தவறு. செல்வி எங்களிடம் வந்தபோது காலம் கடந்திருக்கவில்லை.