ஒப்படைத்த பிறகு யாருடையது

குளிரறையின் மெக்கானிக் அன்று முற்பகலில் தொலைபேசி எடுத்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“பிள்ளை, சத்தம் இல்லை. ரெண்டு கொம்பிரசரும் நிக்குது. உங்கடை புரோகிராம் தொடங்குது, சாகுது, திரும்பத் தொடங்குது. உள்ளை முழுக்க மீன். நான் என்ன செய்ய?”

“கைச் சுவிட்சுக்கு மாத்துங்கோ அண்ணை. ஒண்டை முதல் போடுங்கோ. அது சீரா ஓடின பிறகு மற்றதைப் போடுங்கோ. நாங்கள் இப்பவே வெளிக்கிடுறம்.”

எதிர் மேசையில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். வேலையிடத்துப் பழக்கத்தில்தான் நான் அவரை அக்கா என்று அழைத்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், வடகரை மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குளிரறை அவருடைய ஊரில் இருந்தது. உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளில் அவருடைய அண்ணனின் வள்ளத்து மீனும் இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார். அதற்கு முந்தைய சில நாட்களாக நாங்கள் இருவரும் வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறெதுவும் கதைத்திருக்கவில்லை.

காரணம் நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு நிரல்.

திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். குளிரறைகளை நடத்துவதற்கான விதிகளை எழுத நாங்கள் ஒரு சிறிய மொழியை உருவாக்கியிருந்தோம். கதவு திறந்தால் என்ன செய்வது, கரண்ட் போய் வந்தால் எந்தக் கொம்பிரசரை முதலில் ஓட்டுவது என்பன போன்ற விதிகள். அப்படி எழுதுவதை இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றும் கொம்பைலரை அக்கா சி பிளஸ் பிளஸில் எழுதியிருந்தார். வேறு நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய லைப்ரரியாக அது இருந்தது. அவருடைய பல வருட உழைப்பு அது. அதில் அவருக்குத் தெரியாத மூலை இல்லை.

ஆனால் குளிரறை மெக்கானிக்குக்குத் தெரிந்தது பைதன் என்ற நிரல் மொழிதான். ஏதோ ஒரு மாலை வகுப்பில் படித்திருந்தார். விதிகளைத் தன் கையாலேயே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பைதனிலிருந்து அக்காவின் லைப்ரரியைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு வேண்டும். ஒரு பக்கம் கேட்பதை மறுபக்கத்துக்குப் புரியும்படி கொண்டுபோய்க் கொடுத்து, பதிலைத் திரும்பக் கொண்டுவரும் அடுக்கு. பிணைப்பு என்று சொல்வோம். அதை எழுதும் வேலை எனக்கு வந்தது.

அக்காவுக்கு அது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை.

“பைதனிலை எழுதிறவைக்கு மெமரி எண்டால் என்னெண்டே யோசிக்கத் தேவையில்லை. என்ரை லைப்ரரி அப்பிடி எழுதினது இல்லை. உம்மடை அடுக்குக்குள்ளாலை போய் ஏதும் உடைஞ்சால், உடையிறது என்ரை பேர்தான்.”

மழைக்காலம் முழுவதும் நான் அவருடைய செயற்கூறுகளை ஒவ்வொன்றாகப் பைதனுக்குக் கொண்டுவந்தேன். மூன்றே வரிப் பைதனில் ஒரு விதி கொம்பைலாகித் திரையில் கட்டளைகளாக விழுந்த முதல் நாள், கதிரையிலிருந்து எழுந்து மாடிப் படியில் போய் நின்றேன். அவ்வளவு சந்தோஷம். அக்காவும் வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடல் அமைதியாகி, தொழில் சூடுபிடித்த நாட்களில்தான் அது சாகத் தொடங்கியது. எந்தச் செய்தியும் எழுதாமல், எந்த வரி என்று காட்டாமல், நிரல் முழுவதும் ஒரேயடியாக நின்றுவிடும். அலுவலகத்தில் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒன்றும் நடக்காது. குளிரறையில் மட்டும் நடந்தது. அக்கா தன் லைப்ரரியைத் தனியாக நாள்முழுக்க ஓட்டிக் காட்டினார், அது சாகவில்லை. “அப்ப பிழை எங்கை இருக்கு எண்டு நீரே சொல்லும்,” என்றார். பைதன் பக்கத்தை நான் வரிவரியாகப் படித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அன்றோடு எங்கள் கதை நின்றுபோனது.

அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். இருபாலை, கோப்பாய் தாண்டி நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற லொறியொன்று வீதியை அடைத்திருந்தது. அக்கா ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கேதான் தலையைத் திருப்பாமல் கேட்டார்:

“மெக்கானிக் ஏதும் மாத்தினவரோ?”

“தெரியேல்லை அக்கா. போய்த்தான் கேக்க வேணும்.”

குளிரறை வாசலில் கூட்டமாக நின்றார்கள். கரைக்கு வந்த மீன் பெட்டி பெட்டியாக வெயிலில் இருந்தது, மேலே ஐஸ் கொட்டிச் சாக்கால் மூடியிருந்தார்கள். மெக்கானிக் சுவிட்சுப் பலகைக்கு முன்னால், சட்டை முழுக்க நனைந்து நின்றார். ஒரு கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதைப் போட்டால் கரண்ட் தாங்காமல் விழுந்தது என்றார். அறைக்குள் இருந்த வெப்பத்தைக் காட்டும் எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அக்காவின் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“முதல் இந்தச் சாமானைக் கழட்டுங்கோ. பேந்து கதவைத் திறந்து என்ரை மீனை உள்ளை ஏத்த விடுங்கோ.”

“கதவு திறக்கேலாது அண்ணை,” என்றார் அக்கா. “இப்ப திறந்தால் உள்ளை இருக்கிறதும் போயிடும்.”

“அப்ப வெளியிலை கிடக்கிறது?”

“ஐஸ் போடுங்கோ.”

“ஐஸ் போட எனக்குத் தெரியாதோ? விடிய விடியக் கடலிலை கிடந்து கொண்டு வந்தது. உன்ரை கொம்பியூட்டர் எண்டுதானே இவ்வளவு சனமும் சம்மதிச்சது!”

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெக்கானிக்கின் அறைக்குள் போனார்.

மெக்கானிக் எழுதிய பைதன் கோப்பைத் திறந்தோம். சின்னக் கோப்பு, ஒழுங்காகவே எழுதியிருந்தார். அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கேற்ப விதிகள் மாற வேண்டும் என்பதால், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் விதிகளைப் புதிதாகக் கொம்பைல் செய்து ஓட்டும்படி வைத்திருந்தார். சும்மா நாளில் கதவு எப்போதாவது திறக்கும். மீன் வரும் நாளிலோ அது மூடுவதே அபூர்வம். நிரல் செத்தால் தானாகத் திரும்பத் தொடங்கும். ஆனால் தொடங்கிய உடனே கொம்பிரசரைப் போடக்கூடாது, சற்று நேரம் பொறுக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த நேரம் முடிவதற்குள் கதவு திறக்கும், நிரல் மறுபடி சாகும். அதனால்தான் இரண்டும் நின்றுபோயின.

கொம்பைல் பண்ணப் பண்ணத்தான் சாகிறது என்றால், முன்பு கொம்பைலான பழைய விதிகளுக்கு என்ன நடக்கிறது? அந்தக் கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது. பைதனில் ஒரு பொருளை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் பைதன் தானே அதை அழித்துவிடும். சிலவற்றை உடனே அழிக்கும், சிலவற்றைத் தனக்கு வசதியான நேரத்தில். அந்த நேரம் நம் கையில் இல்லை. அலுவலகத்தில் என் சோதனைகளெல்லாம் அந்தத் துப்புரவு நடப்பதற்கு முன்பே முடிந்துவிடுபவை.

விதியை ஓட்டும் வரிக்குக் கீழே, இப்போதே துப்புரவு செய் என்று ஒரு வரி சேர்த்தேன். என் மடிக்கணினியில் ஓட்டினேன்.

செத்தது.

திரும்ப ஓட்டினேன். அதே இடத்தில் செத்தது. இன்னொரு தடவையும் அப்படியே. இத்தனை நாள் ஒளித்து விளையாடியது, கூப்பிட்ட உடனே வந்து நின்றது. வாசலில் சனம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னை முறைத்துப் பார்த்தார்.

“அக்கா, ஒண்டு கேக்கிறன். கொம்பைலான விதியை உங்கடை லைப்ரரியிலை ஓட்டுற பகுதியிட்டை குடுத்த பிறகு, அதை ஆர் அழிக்கிறது?”

“ஓட்டுற பகுதிதான். குடுத்தால் அது அதின்ரை. தெரிஞ்ச விசயம்தானே.”

“எனக்குத் தெரியாது. எங்கையும் எழுதியில்லை. பைதன் தன்ரை எண்டு நினைச்சு அதையும் அழிக்குது.”

ஒரே பொருளை இரண்டு பேர் தங்கள் தங்கள் பொறுப்பென்று எடுத்து அழித்திருக்கிறார்கள். முதலாமவர் அழித்த இடத்தில் வேறெதுவோ வந்து குடியேறியிருக்கும்; இரண்டாமவர் அதையும் சேர்த்து அழிப்பார். அக்காவின் லைப்ரரி தனியாக ஓடியபோது சரியாகத்தான் ஓடியது. என் பக்கத்தைத் தனியாகப் படித்தாலும் சரியாகத்தான் இருந்தது.

“அதை என்ரை தலைக்குள்ளை மட்டும்தான் வைச்சிருந்திருக்கிறன்,” என்றார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். “சரி, எழுதும். குடுத்த உடனை உம்மடை பொருள் கையை விட வேணும். பேந்து ஆரும் அதைத் தொட்டால் சாகக்கூடாது, பிழை எண்டு சொல்ல வேணும்.”

நான் எழுத, அவர் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்தார். வெளியே கூச்சல் கூடியது. யாரோ கதவில் கை வைத்தார்கள். மெக்கானிக் அதட்டுவது கேட்டது. புதிய பிணைப்பு கட்டி முடிய எடுத்த நேரம் முழுவதும் அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டினோம். கதவு ஓயாமல் திறந்து மூடுவதாகப் பாவனை செய்து, ஒவ்வொரு தடவையும் துப்புரவை வலிந்து கூப்பிட்டோம். சாகவில்லை. அக்காவின் அண்ணன் அறை வாசலில் வந்து நின்று எங்களுடைய முகங்களைப் பார்த்தார். நாங்கள் திரையைப் பார்த்தோம். இன்னும் சாகவில்லை.

உடனே நிரலுக்கு மாற்றிவிடலாம் என்றேன். அக்கா மறுத்துவிட்டார்.

“இல்லை. முதல் சும்மா பக்கத்திலை ஓடட்டும். என்ன செய்வன் எண்டு சொல்லட்டும், செய்யிறது மெக்கானிக் அண்ணையின்ரை கைதான்.”

அப்படித்தான் செய்தோம். நிரல் திரையில் சொன்னது, மெக்கானிக் பலகையில் செய்தார். இரண்டாவது கொம்பிரசரைப் போட அது நெடுநேரம் சம்மதிக்கவில்லை. கரண்ட் ஓரளவு நிமிர்ந்த பிறகு, போடு என்றது. மெக்கானிக் போட்டார். விழவில்லை. ஏறிக்கொண்டிருந்த எண் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா கதவைத் திறக்கச் சொன்னார். அண்ணனின் பெட்டிகள் உள்ளே போயின. கதவு திறந்தது, மூடியது, திறந்தது. நான் மீனைப் பார்க்கவில்லை. நிரல் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தணிந்ததும் மெக்கானிக் கேட்டார்: “மாத்தட்டோ?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

“உனக்கு நம்பிக்கை எண்டால் மாத்து,” என்றார் அவர். “எனக்கு இல்லை.”

அக்கா தானே போய்ச் சுவிட்சைத் திருப்பினார். விதிப்படி இரண்டு கொம்பிரசரும் நின்றன. பொறுத்திருக்க வேண்டிய நேரம். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. கட்டடம் அதிர்ந்து முதலாவது தொடங்கியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவதும் தொடங்கியது. மெக்கானிக் நிலத்திலேயே குந்திவிட்டார்.

எல்லாம் தப்பவில்லை. கதவடியில் இருந்த சில பெட்டிகள் மெதுத்துப்போய்க் கருவாட்டுக்குத்தான் போயின. அவை யாருடையவை என்று கேட்டு, அக்கா அந்த வீடுகளுக்கு நடந்தே போனார். என்னை வர வேண்டாம் என்றார். திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் லைப்ரரியின் செயற்கூறுகளை நாங்கள் ஒன்றாக இருந்து பார்த்தோம். எதைக் கொடுத்தால் யாருடையதாகிறது, யார் அழிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதினோம். நிறையச் சண்டை பிடித்தோம். அவர் வெளிப்படை என்று நினைத்த பலவும் எனக்கு வெளிப்படையாக இல்லை. சில இடங்களில் அவருக்கே ஞாபகமில்லை. பிழைச் செய்திகளைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். அவருடைய அண்ணன் மட்டும் இன்றைக்கும் தன் பெட்டிகளுக்கு இரட்டிப்பு ஐஸ் போட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்.

பிறகொரு நாள் மெக்கானிக் தொலைபேசி எடுத்தார். ஏதோ புதிதாக எழுதிப் பார்த்திருக்கிறார்.

“பிள்ளை, உது என்னை ஏசுது.”

“என்னெண்டு அண்ணை?”

“‘இந்த விதி ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டுவிட்டது, மறுபடி பயன்படுத்த முடியாது’ எண்டு எழுதுது.”

“புரோகிராம் நிண்டுட்டுதோ?”

“இல்லையே, ஓடுது. ஏசிப்போட்டு ஓடுது.”

நான் தொலைபேசியைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்து அக்காவின் மேசைக்குக் கொண்டுபோனேன். “இன்னொருக்கா சொல்லுங்கோ அண்ணை,” என்றேன்.