இன்ஸ்பெக்ஷன் அன்று அக்கா வந்தாள்

எங்கள் வீட்டில் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றை அப்பா தன் ஆபீசிலிருந்து தாராளமாகக் கொண்டுவருவார், அதுவும் பிரெஞ்சில். சொல்லக்கூடாத வார்த்தை ‘செவிடு’. அக்காவுக்கு நாலைந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்து எழுந்தபோது காது இரண்டும் ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தன. தெருவில் தவில் அடித்தால் திரும்பிப் பார்ப்பாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முகத்துக்கு நேரே நின்று பேசினால் வாயைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வாள்.

இதை ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தோம். கேட்பவர்களிடம் அம்மா, “அவ கொஞ்சம் மந்தங்க” என்று சொல்லிவிடுவாள். மந்தம் என்றால் வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள், அந்த இன்னொரு வார்த்தை ஒட்டிக்கொண்டால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும் என்பது அம்மாவின் கணக்கு. இப்படியாக, நல்ல புத்திசாலிப் பெண் ஒருத்தியை மந்தம் மந்தம் என்று ஊரெல்லாம் சொல்லிக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனாலும் காரைக்கால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்தோம். அவளை அங்கங்கே நிறுத்தி நிறுத்தி என்னோடு சேர்த்துவிட்டார்கள். அவளுக்குக் காதாக இருப்பது என் வேலை. எங்கள் பிரெஞ்சு டீச்சரான மதாம் சொல்வது அவளுக்கு எட்டாதபோது நான் திரும்பி, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துச் சொல்லவேண்டும். யாராவது அவளைக் கூப்பிட்டால் தொடையில் கிள்ளவேண்டும். எனக்கு இதில் பெருமையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எரிச்சல் கொஞ்சம் அதிகம் என்றே சொல்லவேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை எப்படியோ ஓடியது. எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்த மதாமுக்கு முழங்கால் வலி. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதனால் அவர் முகம் எப்போதும் ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. அவர் சொல்வதை எழுதும் திக்தேயில்கூட அக்கா பாதிக்கு மேல் சரியாக எழுதிவிடுவாள்.

கொடி மாறியது. மதாம் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பிரெஞ்சு இனிமேல் சோறு போடாது, எல்லாம் இங்கிலீஷ்தான் என்றார்கள். மாயவரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். முந்தின வருஷம்வரை மாயவரம் எங்களுக்கு வேறு நாடு. பழக்கதோஷத்தில் நாங்கள் ‘மதாம்’ என்று கூப்பிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நல்ல கால்கள் அவருக்கு. வகுப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பேசுவார், போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்வார். அக்காவின் தலை அவர் பின்னாலேயே திரும்பித் திரும்பி, மத்தியானத்துக்குள் கழுத்து வலி வந்துவிடும். என்னாலும் உதவ முடியவில்லை. எனக்கே ஒரு வார்த்தை புரிந்தால்தானே அவளுக்குச் சொல்வேன். வகுப்பு முழுக்க நாங்கள் பேய் அறைந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். பேசுகிற வாயைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் இருப்பது எங்களுக்கெல்லாம் புதுக் கஷ்டம். அக்காவுக்கு அது பழகிப்போனது.

வீட்டிலும் அதே கதைதான். அப்பாவின் ஆபீசிலும் காகிதமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் புலியாக இருந்தவர், குழந்தைகள் படிக்கும் ஒரு இங்கிலீஷ் வாசகப் புத்தகத்தை வாங்கிவந்து, விளக்கு வைத்தவுடன் எதிரே விரித்துக்கொண்டு, “திஸ் இஸ் மை பிரதர். திஸ் இஸ் மை சிஸ்டர்” என்று ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைக் கோணி, பிளந்து, குவித்துச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். நானும் அம்மாவும் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்போம். அக்கா மட்டும் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் திருநள்ளாற்றிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். கோயில் பக்கத்தில், சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பி ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். வந்தவள் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மந்தமான பொண்ணை எதுக்குடா பள்ளிக்கூடத்துல போட்டு வதைக்கிற? எங்கிட்ட அனுப்பு. மாவாட்டக் கத்துக்கட்டும். பிற்பாடு நம்ம பயலுக்கே முடிச்சிக்கலாம்” என்றாள். நம்ம பயல் என்பது அத்தை மகன். அவனுக்கு அப்போதே மீசை இருந்தது. அப்பா உடனே தலையாட்டவில்லை. “இந்த வருஷம் இங்கிலீஷ் வகுப்புக்கு ஏறுறாளான்னு பாப்பம். ஏறலைன்னா அழைச்சிக்கிட்டுப் போ” என்றார். அன்றைக்கு அம்மா வைத்த குழம்பில் உப்பு இல்லை.

இங்கிலீஷ் வகுப்புக்கு ஏறுவது இன்ஸ்பெக்ஷனைப் பொறுத்து இருந்தது. தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மாள் வருகிறார், அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிள்ளைகள் மட்டும்தான் மேலே போகலாம் என்றார்கள். எங்கள் டீச்சருக்கு அதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பத்து நாளாக அதைத்தான் பயிற்சி பண்ணினோம். பெஞ்சு வரிசைப்படி ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பதில். முன்னால் இருக்கிறவள் பதில் சொல்லி உட்கார்ந்ததும் அடுத்தவள் எழுந்திருக்கவேண்டும். டீச்சர் கேள்வி கேட்பார், அவள் தன் பதிலை ஒப்பித்துவிட்டு உட்காரவேண்டும். கேள்வி புரிய வேண்டிய அவசியமே இல்லை. “வாட் இஸ் யுவர் ஃபாதர்” என்பது என் கேள்வி. “மை ஃபாதர் இஸ் எ கிளார்க்” என்பது என் பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

அக்காவுக்குக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மந்தமான பிள்ளைகளை இன்ஸ்பெக்ஷன் அன்று வீட்டிலேயே நிறுத்திவைக்கச் சொல்வது அப்போதெல்லாம் வழக்கம். டீச்சர் என்னிடமே சொல்லியனுப்பினார். அப்பா அதைக் கேட்டு, “சரிதான், அங்க போயி மானத்தை வாங்கவேண்டாம்” என்று முடித்துவிட்டார். வராவிட்டால் ஏறமுடியாது, ஏறாவிட்டால் திருநள்ளாறு. இது எனக்குப் புரிந்துதான் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் படுக்கையில் அக்காவின் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அவள் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு நான் தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மாள் குள்ளமாக, வெள்ளைக் கதர்ச் சேலையில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். வகுப்பின் பின்பக்கச் சுவரோரமாக நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டார். டீச்சர் தொண்டையைக் கனைத்தார். முதல் பெஞ்சில் முதல் பெண் எழுந்தாள். அவள் பதில் சொன்னாள், இரண்டாமவள் சொன்னாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். தீபாவளிப் பாவாடை, தலையில் கனகாம்பரம். அவளுக்குப் பின்னால், பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, வெயிலில் அம்மா நிற்பது தெரிந்தது. அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து கையைப் பிடித்து அழைத்துவந்திருக்கிறாள். டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. இன்ஸ்பெக்டர் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே போ என்று எப்படிச் சொல்வது? அக்கா விறுவிறுவென்று வந்து இரண்டாவது பெஞ்சில், வரிசையில் எனக்கு முந்தின தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். என் முறை வர இன்னும் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

அந்த ஒருத்தியும் சொல்லி உட்கார்ந்தாள். எல்லாரும் வரிசையாக எழுந்திருப்பதைப் பார்த்துவிட்ட அக்கா, தன் முறை என்று எழுந்து நின்றாள். டீச்சர் பதற்றத்தில், மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அடுத்த கேள்வியை அப்படியே கேட்டுவிட்டார். “வாட் இஸ் யுவர் ஃபாதர்?” அது என் கேள்வி. அக்கா மரியாதையாக நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவசரமாக, “சிட், சிட். நெக்ஸ்ட்” என்றார். நான் எழுந்தேன். டீச்சரும் நிற்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பசு எங்கே இருக்கிறது என்பது அந்தக் கேள்வி. நான் கணீரென்று, “மை ஃபாதர் இஸ் எ கிளார்க்” என்றேன்.

எனக்குப் பின்னால் இருந்தவளிடம் பசுவுக்கு எத்தனை கால் என்று கேட்டார். பசு வயலில் இருக்கிறது என்றாள் அவள். அதற்கு அடுத்தவளிடம் சூரியன் எங்கே உதிக்கிறது என்று கேட்டார். நாலு கால் என்றாள். பெஞ்சு பெஞ்சாக இப்படியே ஓடியது. நிறுத்த டீச்சருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. டீச்சரின் ரவிக்கை முதுகு நனைந்துவிட்டது. கடைசியில் பின்னாலிருந்து, “போதும்” என்று ஒரு குரல் வந்தது.

“அந்த ரெண்டாவது பெஞ்சு, பூ வச்சிருக்கிற பொண்ணு” என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். எல்லாரும் திரும்பினார்கள், அக்கா மட்டும் டீச்சரைப் பார்த்தபடி இருந்தாள். நான் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். இனித் திருநள்ளாறுதான் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் எழுந்து, பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். ஜன்னல் பக்கமாக நகர்ந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேராகக் கொஞ்சம் குனிந்தார். “கிவ் மி தி சாக்” என்று மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினார். அக்கா நீட்டிய கையைப் பார்த்தாள், அவர் கண் போன மேஜையைப் பார்த்தாள். போய்ச் சாக்குக்கட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். அடுத்தபடியாகக் கையையும் ஆட்டாமல், கண்ணையும் நகர்த்தாமல், “ஹூ இஸ் திஸ் கேர்ள்?” என்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அக்கா அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தரம், இன்னும் மெதுவாகக் கேட்டார். சாக்குக்கட்டியை வாங்கிய கையை அப்படியே கொண்டுவந்து என் தலைமேல் வைத்தார். அக்கா வாயை அகலமாகப் பிளந்து, கோணி, அச்சு அசலாக அப்பாவைப்போலவே, “திஸ் இஸ் மை சிஸ்டர்” என்றாள். அவளுடைய தட்டையான குரல் வகுப்பெல்லாம் கேட்டது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணை முன் பெஞ்சுல, வெளிச்சத்துல உக்காரவைங்க. பாடம் சொல்றப்ப போர்டைப் பாத்துச் சொல்லாதீங்க, இவ முகத்தைப் பாத்து நிறுத்திச் சொல்லுங்க. இவளுக்குப் புரிஞ்சாத்தான் மத்ததுகளுக்கும் புரியும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டீச்சர் வேகவேகமாகத் தலையாட்டினார்.

அக்கா ஏறிவிட்டாள். எங்கள் எல்லாரையுமே பெரிய மனசு பண்ணி ஏற்றிவிட்டார்கள். அத்தை வேறு இடத்தில் மாவாட்ட ஆள் பார்த்துக்கொண்டாள். அந்த இன்ஸ்பெக்டர் அம்மாளை நாங்கள் நன்றாக ஏமாற்றிவிட்டோம், என் கிள்ளுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முதல் பெஞ்சு எத்தனை பெரிய பரிசு. பதில் படித்த எனக்கு இல்லை, படிக்காத அவளுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் எல்லாவற்றையும் புகாராகக் கொட்டினேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“முகத்தைப் பாத்துச் சொல்லுங்கன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“எல்லாரும் இருக்கிறப்பவா? வேற ஒண்ணும் சொல்லலையா? அந்த வார்த்தையச் சொல்லலையா?”

“எந்த வார்த்தையும் சொல்லலம்மா.”

அம்மா என்னைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் எங்கே நின்றார், கண்ணாடியை எப்போது கழற்றினார், எவ்வளவு மெதுவாகப் பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மீன் கையோடு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். நான் பயந்துபோனேன். இவ்வளவு பாடுபட்டும் இங்கிலீஷில் நான் மானத்தை வாங்கிவிட்டேனே என்று அழுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதேம்மா. அடுத்த தடவ பசு எங்க இருக்குன்னு கேட்டா, சரியாச் சொல்லிப்புடுறேன்.”