பொய் மேகம்

மதினி வானத்தைப் பார்க்கிற விதமே தனி. நாங்களெல்லாம் மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்போம். அவள் அண்ணாந்து பார்க்கவே மாட்டாள். பின்னிக்கொண்டிருந்த வெடிச் சரத்தைக் கீழே வைத்துவிட்டு ஷெட் வாசலில் போய் நிற்பாள். முகத்தை மேற்கே திருப்பி மூக்கை மட்டும் லேசாகத் தூக்குவாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு திரும்பி, உலை வைத்தாயா என்று கேட்பதுபோலச் சாதாரணமாக, "மேகம் கட்டுது புள்ளைகளா" என்பாள். முப்பது பெண்களும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவோம்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எங்களுக்கு ஆமத்தூருக்குப் பக்கத்து ஊர். அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம். அதிலிருந்து முதன்முதலில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர் அண்ணன். கல்யாணமான கையோடு மதினியும் போனாள். ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பதினெட்டு நடந்தபோது, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளும் அவள்தான். எனக்கும் அவளுக்கும் சரம் பின்னுகிற வேலை. சின்ன வெடிகளின் திரிகளை ஒன்றோடொன்று சேர்த்து, தலை பின்னுவதுபோலப் பின்னிக்கொண்டே போக வேண்டும். அண்ணனுக்கு வெளியே களத்தில் வேலை. மருந்து வைத்த வெடிகளைத் தட்டுத் தட்டாக வெயிலில் காயவைப்பார், காய்ந்ததும் அள்ளுவார்.

கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இடி மேகம் கட்டினால் மருந்துக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மின்னல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் எல்லோரும் தள்ளி இருக்கிற காலி ஷெட்டுக்குப் போய்விட வேண்டும். களத்து ஆண்கள் காய்வதையெல்லாம் அள்ளி உள்ளே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். மேகத்தை யார் முதலில் பார்த்தாலும் குரல் கொடுக்கலாம். ஆனால் மதினி சொல்லிவிட்டால் மேனேஜர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். அவள் சொல்லி மழை வராமல் போனதில்லை என்று பேர். வருண பகவானுக்குச் சம்பந்தி என்று அவளைக் கேலி செய்வோம்.

தீபாவளி சீசன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். புரட்டாசி பிறந்ததும் ஆர்டர்மேல் ஆர்டர் வந்து விழும். வாசலில் லாரி நின்றுகொண்டே இருக்கும். "லோடு நிக்குது, லோடு நிக்குது" என்பதைத் தவிர மேனேஜர் வாயில் வேறு பேச்சு வராது. கந்தக வாடை நாக்கில் ஏறி, குடிக்கிற கஞ்சியும் கசக்கும். விரல் நுனிகள் மரத்துப்போய், காதில் தோட்டைக் கழற்றினால் மாட்ட முடியாது. அந்த நாட்களில் ஒருநாள், எங்களோடு பின்னுகிற ஒரு பெண், காரணமே இல்லாமல் அழ ஆரம்பித்தாள். கை மட்டும் பின்னிக்கொண்டே இருக்கிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மதினி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். மூக்கைத் தூக்கினாள். "மேகம் கட்டுது" என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். மேற்கே கொஞ்சம் வெள்ளை மேகம், அவ்வளவுதான். "மதினி, இது வெறும் பஞ்சு மேகமால்ல இருக்கு" என்றேன். "வாயை மூடிக்கிட்டு வா புள்ள" என்றாள்.

காலி ஷெட்டில் அவள் எங்களுக்குச் செய்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டு, இருபது எண்ணுகிற மட்டும் வைத்திருக்கச் சொன்னாள். முந்தானையை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பிறகு இரண்டிரண்டு பேராக, முதுகோடு முதுகு வைத்து உட்கார வைத்தாள். "முழுசாச் சாயி. பாதி சாஞ்சா ரெண்டு பேருக்கும்தான் வலிக்கும்." பேசக் கூடாது. விருதுநகர்ப் பக்கம் போகிற ரயில் சத்தம் கேட்டால் அதைமட்டும் கேட்க வேண்டும், அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிற வரைக்கும். ரயில் இல்லாவிட்டால் காக்காய்ச் சத்தம், லாரிச் சத்தம், எது தூரமாகப் போகிறதோ அது. பத்து நிமிடம் இருக்கும். எழுந்தபோது அழுத பெண் தன்னாலேயே சிரித்தாள்.

எனக்கு ஜோடி எப்போதும் மதினிதான். அவள் கனத்த உடம்பு, நான் ஒல்லி. இருந்தாலும் கொஞ்சம்கூடப் பயமில்லாமல் முழு பாரத்தையும் அவள்மேல் போட்டுவிடுவேன். பெற்ற தாயைவிட அவளை நம்பினேன் என்று சொன்னால் மிகை இல்லை.

இப்போது என் மகள் அச்சாபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். காலண்டர் சீசன் வந்தால், வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களோடு சண்டை போடுவாள். பேசாமல் அண்டாவில் தண்ணீர் பிடித்து அவள் கையைப் பிடித்து உள்ளே வைப்பேன். ஈரத் துண்டை எடுத்துப் பிடரியில் போடுவேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். "இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்பாள். கம்பெனியில் எல்லோரும் செய்வோம் என்பேன். மதினி பேர் என் வாயில் வராது. அவள் சொல்லிக் கொடுத்தது இன்னும் பலிக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்தப் பெண் அழுத நாளுக்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை பொய் மேகம் வந்தது. பிறகு நாள் தவறாமல் வந்தது. மேகம் கலைந்துவிட்டது என்று மதினி சொன்னால் மேனேஜரும் நம்பினார். மேனேஜருக்குத் தெரியாமல் முப்பது பேரும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்திருக்கிறோம் என்பதில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டோம். நாங்கள் உட்காருகிற பத்து நிமிடமும் களத்து ஆண்களுக்கு ஓட்டம். அள்ளியதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து பரப்பவும் வேண்டும். அண்ணன் தோள் கன்றிப்போய் வீட்டுக்கு வருவார். "இந்த வருசம் வானத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்பார். மதினி முகத்தை அசைக்காமல் அவருக்குச் சோறு போடுவாள். நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்திருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்கு உடம்பு காய்ச்சலாக இருந்தது. திரி விரலில் நிற்காமல் வழுக்கியது. மதினி என் முகத்தைப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போனாள். அன்றைக்கு மேற்கே அந்தப் பஞ்சு மேகம்கூட இல்லை. நாங்கள் காலி ஷெட்டில் போய் உட்கார்ந்து, நான் கண்ணை மூடிய நேரம், களத்தில் சத்தம் கேட்டது. அண்ணன் தட்டோடு ஓடிவந்தவர் படிக்கல்லில் இடறி விழுந்துவிட்டார். விழும்போதும் தட்டைக் கீழே அடிக்க விடவில்லை. அடித்திருந்தால் அவரும் இல்லை, களமும் இல்லை. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி விழுந்ததில், பாரம் முழுவதும் ஒரு கணுக்காலில் இறங்கிவிட்டது. பட்டாசு ஏற்ற நின்ற லாரியிலேயே அவரைப் படுக்கவைத்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "எங்க இருக்கு மேகம்? எவ சொன்னது?"

மதினி என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் தோள்மேல் வந்தது. தைரியம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். "இந்தப் புள்ளதான்யா சொல்லுச்சு. சின்னப்புள்ள, விவரம் பத்தாது" என்றாள்.

யாராவது ஒருத்தி வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். இருமக்கூட இல்லை. முப்பது பேருக்கும் அவள் குரல் தெரியும். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அண்ணன் கால் உடைந்ததில் பயந்துபோய் உளறுகிறாள், சாயங்காலத்துக்குள் அவளே சரிசெய்துவிடுவாள் என்று நம்பினேன். அம்புட்டு நம்பிக்கை.

அன்றோடு என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் திருடியவளைக்கூட ஒரு வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்வார்கள். பொய் மேகம் சொன்னவளைச் சேர்க்க மாட்டார்கள். நாளைக்கு நிஜ மேகம் வரும்போது ஜனங்கள் எழுந்திருக்கத் தயங்குவார்களே, அந்தப் பயம். சாத்தூர் வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னால் அந்தப் பேச்சு அங்கே போயிருந்தது. கடைசியில் விருதுநகரில் ஒரு மிளகாய்க் குடோனில் காம்பு கிள்ளப் போனேன். மிளகாய் பட்ட கையைத் தண்ணீரில் வைத்தால் எரிச்சல் கூடும்.

அண்ணனுக்குக் கால் கோணலாகக் கூடியது. களத்து வேலை போய், வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட மச்சினன் வர வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன்தான் நின்றான். அண்ணன் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனார் என்று சொன்னார்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து, ஒருநாள் மத்தியானம், மதினி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தூக்கு நிறைய முறுக்கு. உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, அது இது பேசிவிட்டு, "இப்ப கம்பெனியிலயே மத்தியானம் பத்து நிமிசம் விடுறாக. நான்தான் மேனேஜர்கிட்டக் கேட்டு வாங்குனேன்" என்றாள். நான் தூக்கை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

"ஒனக்காகத்தான புள்ள அன்னைக்கு மேகம்னு சொன்னேன். ஒம் மூஞ்சியப் பாக்க முடியலை. அப்ப ஒம் பேரைச் சொன்னதுல என்ன தப்பு?"

அவள் இதைத் திருட்டு முழி முழித்துச் சொல்லவில்லை. பல நாள் யோசித்து, தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லி, விடுதலையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "தப்பில்லை மதினி. அண்ணன்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிருங்க. வேற எவகிட்டயும் சொல்ல வேணாம். அவுக என்கூடப் பேசுனாப் போதும்" என்றேன்.

"கால் போனது என்னாலதான்னு தெரிஞ்சா என்னை வச்சிருப்பாகளா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "சொல்லுதேன். நேரம் பாத்துச் சொல்லுதேன்."

நானும் காத்திருந்தேன். வருடக்கணக்கில் காத்திருந்தேன். அறுபதுகளின் கடைசியில் அண்ணன் மகள் பெரிய மனுஷியானாள். சடங்குக்கு அத்தை தண்ணீர் ஊற்ற வேண்டும். அத்தை நான் ஒருத்திதான். ஒரு காலை நேரம் வாசலில் நிழல் தட்டியது. அண்ணன் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். பின்னால் தாம்பாளத்தோடு மதினி. சொல்லிவிட்டாள், கடைசியில் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"பழசையெல்லாம் விட்டுட்டேன் தாயி" என்றார். "கால் போனது போனதுதான். நீ வயசுப்புள்ள, புத்தியில்லாம ஒரு பொய்யச் சொல்லிட்ட. அதுக்காக இத்தன வருசம் நான் பேசாம இருந்திருக்கக் கூடாது. நான் மன்னிச்சுட்டேன். ஒம் மதினிதான் மன்னிச்சுருங்க, மன்னிச்சுருங்கன்னு தினமும் சொல்லுவா."

மதினியைப் பார்த்தேன். தாம்பாளத்தில் வெற்றிலைக் காம்புகளை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அண்ணன் சடங்கு வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டார் என்பதும் தெரியும். அந்தக் காலோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார் மனுஷன்.

"தப்புத்தான்ணே" என்றேன். "வாரேன்ணே."

மதினி தாம்பாளத்தை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். சடங்குக்குப் போய்ப் பிள்ளைக்குத் தண்ணீரும் ஊற்றினேன். மதினி இன்னும் இருக்கிறாள், நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்கிறோம். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகிற வரைக்கும் அவர் என்னை மன்னித்தவராகவே இருந்தார்.